மறைந்து நிற்கும் பகைவன்: காக்கை வன்னியன் கதை எழுப்பும் அறவினா

ஒரு சமூகம் தன் வெற்றிகளைப் பற்றிக் கூறும் கதைகளைக் காட்டிலும், தன் தோல்விகளைப் பற்றிக் கூறும் கதைகளே அதன் அறநோக்கைத் தெளிவாகக் காட்டுவன. வெற்றிக்குக் காரணம் தேட எவரும் நெடும்பொழுது செலவிடுவதில்லை. தோல்வியோ விளக்கம் வேண்டி நிற்கிறது. வீரம் இருந்தது, நியாயம் இருந்தது, மக்களின் ஆதரவும் இருந்தது, பின் தோற்றது ஏன்? இவ்வினாவுக்குப் பல நாடுகளிலும் பல காலங்களிலும் வழங்கிவந்த விடை ஒன்றே: உள்ளிருந்த ஒருவன் காட்டிக்கொடுத்தான்.

இவ்விடை சில வேளைகளில் உண்மையாகவே இருத்தல் கூடும். காட்டிக்கொடுப்போர் உலகில் இல்லாதவரல்லர். ஆயின், மறைந்து நின்று கேடு சூழும் பகைவன் ஒருவனைத் தோல்விக்குக் காரணமாக நிறுத்தும் வழக்கம், அக்கதையைச் சொல்வோரின் அறவாழ்வில் என்ன விளைவை உண்டாக்குகிறது என்பது தனித்து ஆராயத்தக்கது. வன்னிப் பெருநிலத்தில் வழங்கும் காக்கை வன்னியன் கதை இவ்வாராய்ச்சிக்கு மிகப் பொருத்தமான களமாகும்.

கதையின் உருவம் பலரும் அறிந்ததே. அடங்காப்பற்று எனப் புகழ்பெற்ற வன்னியின் இறுதித் தலைவனாகிய பண்டாரவன்னியன் ஆங்கிலேயரை எதிர்த்தான், முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினான், வெல்லற்கரியவனாக விளங்கினான். காக்கை வன்னியன் என்பான் அவன் தங்கையை மணக்க விழைந்து மறுக்கப்பட்டான். அவமதிப்பு நெஞ்சிற் கனன்றது. நட்புப் பூண்டவன்போல் நடித்துப் பண்டாரவன்னியனைப் பகைவரிடம் சிக்கவைத்தான். வாய்மொழி மரபும் மேடை நாடகங்களும் இவ்வாறு கூறும். முல்லைமணி வே. சுப்பிரமணியத்தின் நாடகம் பண்டாரவன்னியனை ஈழத்து அரங்கில் நிலைநிறுத்திற்று. மு. கருணாநிதியின் 'பாயும் புலி பண்டாரக வன்னியன்' என்னும் புதினம் அவன் வரலாற்றைத் தமிழகத்து வாசகரிடமும் கொண்டுசென்றது. வீரனின் பெயர் பரவிய இடமெல்லாம் வஞ்சகனின் பெயரும் உடன் பரவிற்று.

இனி, வரலாற்றுச் செய்திகளை நோக்குவோம். 1803 ஓகஸ்ட் 25இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். இஃது ஒரு தனிமனிதனின் துணிகரச் செயல் மாத்திரமன்று. அதே ஆண்டு யூன் மாதத்தில் கண்டியில் நிலைகொண்டிருந்த ஆங்கிலப் படை சரணடைந்து அழிந்தது. அதனைத் தொடர்ந்து கண்டி அரசின் தூண்டுதலால் கரையோர மாகாணங்கள் பலவற்றிலும் கிளர்ச்சி மூண்டது. முல்லைத்தீவுத் தாக்குதல் அப்பேரலையின் ஓர் அங்கம். அவ்வலை செப்டெம்பர் முற்பகுதியில் ஹங்வெல்லவிலே கண்டிப் படை தோற்றபோது தணியத் தொடங்கிற்று. ஆங்கிலேயர் மூச்சுவிட அவகாசம் பெற்று, வன்னியை நோக்கிப் பல திசைகளினின்றும் படைப்பிரிவுகளை அனுப்பினர். மன்னாரிலிருந்து வந்த வொன் டிறிபேர்க் என்னும் அதிகாரியின் பிரிவு ஒட்டுசுட்டானுக்கு அருகே கற்சிலைமடுவில் 1803 ஒக்டோபர் 31இல் பண்டாரவன்னியனின் படையை எதிர்பாராத வேளையிலே தாக்கி முறியடித்தது.

அவ்விடத்தில் பின்னர் ஒரு கல் நாட்டப்பட்டது. அதில் மூன்று செய்திகளே உள்ளன: வென்றவன் பெயர், தோற்றவன் பெயர், நாள். காட்டிக்கொடுத்தவன் பெயர் அதில் இல்லை. கொல்லப்பட்டான் என்ற செய்தியும் இல்லை. தோற்கடிக்கப்பட்டான் என்று மாத்திரமே உள்ளது. பண்டாரவன்னியன் அன்று தப்பினான் என்பதும், பின்னரும் சில ஆண்டுகள் ஆங்கிலேயருக்குத் தொல்லை தந்தான் என்பதும் ஆய்வாளர் பலர் ஏற்கும் கருத்தாகும். கல்லை நாட்டியோர் வென்றவர் பக்கத்தினர்; ஆதலின் அவர் காட்டிக்கொடுத்தவனை மறைத்தனர் என்று வாதிடுவாரும் உளராகலாம். ஒருவனை விலைக்கு வாங்கி வென்றோம் என்று எழுதிவைக்க எந்த வெற்றியாளனும் விரும்பான் என்பது உண்மையே. ஆயினும், கல்லின் மௌனம் எதையும் நிறுவுவதில்லை. காக்கை வன்னியன் இருந்தான் என்பதையும் அது நிறுவாது. இல்லை என்பதையும் நிறுவாது.

இவ்விடத்தே வேறொரு நூலின் துணை வேண்டப்படுகிறது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், மயில்வாகனப் புலவர் இயற்றிய 'யாழ்ப்பாண வைபவமாலை'யில் காக்கை வன்னியன் என்ற பெயர் ஏலவே இடம்பெறுகிறது. அங்கே அவன் காட்டிக்கொடுப்பது பண்டாரவன்னியனை அன்று. யாழ்ப்பாணத்து மன்னன் சங்கிலியைப் போர்த்துக்கேயருக்குக் காட்டிக்கொடுக்கிறான். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். கற்சிலைமடுப் போர் நிகழ்ந்தது 1803இல். இரண்டிற்கும் இடையே 184 ஆண்டுகள். ஒரே மனிதன் இரு காலத்திலும் வாழ்ந்திருக்க இயலாது. ஒரே பெயர் கொண்ட இருவர், இரு நூற்றாண்டுகளில், ஒரே குற்றத்தைப் புரிந்தனர் என்று கொள்வதும் எளிதன்று. இதற்குப் பொருத்தமான விளக்கம் ஒன்றே எனலாம்: காக்கை வன்னியன் என்பது மனிதனின் பெயராகத் தொடங்கியிருப்பினும், காலப்போக்கில் அது ஓர் ஆசனத்தின் பெயராகிவிட்டது. தோல்வி நேரும்போதெல்லாம் அவ்வாசனத்தில் அமர ஒருவன் வேண்டப்படுகிறான்.

தமிழகத்து வரலாற்றிலும் இதனை ஒத்த ஒரு நிகழ்ச்சி உண்டு. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 ஒக்டோபர் 16இல் கயத்தாற்றிலே தூக்கிலிடப்பட்டான். அவனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஆயின், மக்கள் வழக்கில் காட்டிக்கொடுத்தலுக்கு மறுபெயராக நிலைத்தது எட்டயபுரத்து எட்டப்பன் பெயரே. எட்டயபுரம் கும்பினியாரின் பக்கம் நின்றது உண்மை. பாஞ்சாலங்குறிச்சியோடு அதற்கு நெடுங்காலப் பகை இருந்ததும் உண்மை. அஃதாவது, எட்டப்பன் மறைந்திருந்த வஞ்சகனல்லன். யாவரும் அறிந்த பகைவன். வெளிப்படையான பகையை மறைவான துரோகமாக மாற்றிக் கூறுவதில் மக்கள் மனம் ஓர் ஆறுதலைக் கண்டது.

அவ்வாறுதலின் இயல்பு யாது? வன்னியின் வரலாறே இதற்கு விடை தரும். பனங்காமம், மேல்பற்று, முள்ளியவளை, கருநாவல்பற்று, கரிக்கட்டுமூலை, தென்னமரவடி எனப் பல பற்றுகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் தன்தன் தலைவரின்கீழ் இருந்த நாடு அது. யானைகளைத் திறையாகச் செலுத்துவதிலே ஒல்லாந்தரோடு ஓயாத பிணக்கு. அப்பிணக்கில் ஒருவர் செலுத்த, ஒருவர் மறுக்க, ஒற்றுமை குலைந்தது. 1782இல் ஒல்லாந்தர் படை நடத்தித் தலைவர்களின் அதிகாரத்தை முறித்தனர். நேகல் என்னும் படை அதிகாரியின் பொறுப்பில் வன்னி விடப்பட்டது. 1796 அளவில் கரையோரம் முழுவதும் ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று. இத்தகைய நாட்டில், பண்டாரவன்னியன் எழுச்சி கொண்டபோது, துணையாக நின்ற கண்டிப் படையின் கை தளர்ந்ததும் தனித்து நிற்க நேர்ந்தது. தோல்விக்குரிய காரணங்கள் இவை. இவற்றுள் ஒன்றேனும் மறைவானதன்று. யாவும் பகலில் நடந்தவை.

ஆயினும் இக்காரணங்களுக்கு ஒரு குறை உண்டு. இவை பலரைப் பொறுப்பாளிகளாக்குகின்றன. பிரிந்து நின்ற தலைவர்கள், திறை செலுத்திச் சலுகை பெற்றோர், எழுச்சியின்போது வாளாவிருந்தோர் எனப் பட்டியல் நீளும். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்வர். காக்கை வன்னியன் கதையோ இப்பட்டியல் முழுவதையும் ஒருவன் தலையிற் சுமத்திவிடுகிறது. ஒருவன் குற்றவாளி; ஏனையோர் ஏமாற்றப்பட்டவர். மேலும், அவன் குற்றத்துக்குக் காரணம் அரசியலும் அன்று, நிறைவேறாத காமம். அரசியல் காரணம் கூறப்பட்டிருப்பின், அவன் எதிர்பார்த்தது யாது, அவனைப் போன்று எண்ணினோர் எத்தனை பேர் என்ற வினாக்கள் எழுந்திருக்கும். காமத்துக்கு அத்தகைய வினாக்கள் இல்லை.

வஞ்சகன் ஒருவனைப் படைப்பதனால் வீரனுக்கும் ஒரு நன்மை கிடைக்கிறது. அதனை விளக்க, இக்காலத்து இளைஞர் கைகளிற் புழங்கும் ஒரு கற்பனைப் படைப்பு உதவும். யூபிசொஃப்ட் நிறுவனம் 2020 நவம்பரில் வெளியிட்ட 'அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா' என்னும் கணினி விளையாட்டு, 9ஆம் நூற்றாண்டிலே நோர்வேயிலிருந்து இங்கிலாந்தின்மீது படையெடுத்த வைக்கிங்குகளின் கதையைக் கூறுவது. ஆடுபவர் ஐவோர் என்னும் வைக்கிங் தலைமைப் பாத்திரத்தை ஏற்று, அயல்நாட்டில் இறங்கி, மடாலயங்களைக் கொள்ளையிட்டுக் குடியேற்றத்தை வளர்ப்பார். நேர்பட நோக்கின், இக்கதையில் அத்துமீறுவோர் வைக்கிங்குகளே. ஆயின், விளையாட்டு அவர்களுக்கு ஒரு பெரும் பகையைப் படைத்துத் தருகிறது. 'பண்டையோர் சங்கம்' என்று பொருள்படும் இரகசியக் குழு ஒன்று நாடெங்கும் மறைந்து பரவியுள்ளது. அதன் உறுப்பினர் 40 பேருக்கு மேற்பட்டோர். குறிப்புகளைச் சேகரித்து ஒவ்வொருவரின் முகமூடியையும் கிழித்து அழித்தல் ஆடுபவரின் பணிகளுள் ஒன்று. இறுதியில், அச்சங்கத்தின் தலைவன் வெசெக்ஸ் மன்னன் அல்பிரெட்டே என்பது வெளிப்படுகிறது. அவனே வேற்றுப் பெயரில் சங்கத்து உறுப்பினரைக் காட்டிக்கொடுக்கும் கடிதங்களையும் எழுதியவன்.

வரலாற்றிலுள்ள அல்பிரெட் 871 முதல் 899 வரை ஆண்டவன். தொடக்கத்தில் பொருள் கொடுத்து வைக்கிங்குகளிடம் சமாதானம் வாங்கினான். 878இல் எடிங்டனில் அவர்களை வென்றான். தோற்ற தலைவன் குத்ரமைக் கிறித்தவனாக்கி உடன்படிக்கை செய்தான். அரண் சூழ்ந்த நகரங்களை அமைத்துப் படையை ஒழுங்குபடுத்தினான். வைக்கிங்குகள் வெசெக்ஸை வெல்ல இயலாமற்போனமைக்கு இவையே காரணம். தன் நாட்டைக் காத்த மன்னன் ஒருவன் கற்பனையில் இரகசியச் சங்கத்தின் தலைவனாக மாற்றப்பட்டமையால் விளைந்த பயன் கருதற்குரியது. மறைந்து நிற்பவன் தீயவன் ஆனதும், வெளிப்படையாக வாளேந்தி வருபவன் நல்லவனாகிவிடுகிறான். அதே விளையாட்டில் ஐவோர் பொதுமக்களைக் கொல்ல முற்பட்டால், ஐவோர் அவ்வாறு செய்ததில்லை என்ற எச்சரிக்கை தோன்றும். 793இல் லிண்டிஸ்பார்ன் மடாலயத்தில் நிகழ்ந்த கொலைகளை அறிந்தோர் இவ்வெச்சரிக்கையைப் படித்து வியப்புறுவர். வஞ்சகனின் இருள் எவ்வளவு அடர்த்தியாகிறதோ, அவ்வளவுக்கு வீரனின் கைகள் தூய்மையாகத் தோன்றும்.

இது வெறும் விளையாட்டு, இதற்கு அறவாராய்ச்சி எதற்கு என்று கேட்டல் கூடும். பொழுதுபோக்குக்காகக் கட்டப்படும் கதைகளில் இவ்வமைப்பு இத்துணை எளிதாகப் பொருந்துகிறது என்பதே இங்குக் கவனிக்க வேண்டியது. வன்னி நாடகமும் மொன்றியல் நகரத்துக் கணினிக் கலைஞரின் படைப்பும் ஒன்றை ஒன்று அறியாதவை. இரண்டும் ஒரே கருவியைக் கையாளுகின்றன. அக்கருவி மனித மனத்தின் பொதுவான ஒரு வேட்கைக்கு விடை தருகிறது என்பது இதனாற் பெறப்படும். மெய்யியலாளர் காள் பொப்பர் 1945இல் வெளியிட்ட 'திறந்த சமுதாயமும் அதன் பகைவரும்' என்னும் நூலில் இவ்வேட்கையை ஆராய்ந்தார். சமூகத்தில் நிகழும் தீமை ஒவ்வொன்றையும் எவரோ சிலர் திட்டமிட்டே செய்தனர் என்று கருதும் போக்கினை அவர் கண்டித்தார். சதிகள் நிகழ்வதுண்டு என்பதை அவர் மறுக்கவில்லை. அவை பெரும்பாலும் எண்ணியபடி நிறைவேறுவதில்லை என்பதும், சமூக வாழ்வின் விளைவுகளுட் பல எவரும் கருதாதவை என்பதும் அவர் வாதம்.

இதற்கு எதிர்வாதம் வலிமையுடையது. அதனைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. காட்டிக்கொடுத்தல் ஒரு மெய்யான குற்றம். அதனால் உயிர்கள் அழிந்துள்ளன. துரோகத்தைப் பற்றிப் பேசுவதே பிழை என்று கூறின், துரோகம் செய்தோர்க்கு அஃது அரணாக முடியும். ஆக்கிரமிப்புக்கு உள்ளான மக்கள் தம்முள் எவர் பகைவருக்குத் துணைநின்றார் என்று கேட்பது இயல்பே. அக்கேள்வியை அடக்குவதும் ஓர் அநீதி.

இவ்வாதத்துக்கு விடை, துரோகம் என்னும் செயலையும் துரோகி என்னும் பெயரையும் வேறுபடுத்தி அறிவதில் உள்ளது. செயலுக்குச் சான்று உண்டு, அளவு உண்டு, தண்டனைக்கும் எல்லை உண்டு. பெயருக்கு இவை மூன்றும் இல்லை. வைக்கிங்குகளின் தாயகமாகிய நோர்வேயிலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1940 ஏப்ரில் 9இல் செருமனியர் நோர்வேயைத் தாக்கிய அன்றே, விட்குன் குவிஸ்லிங் வானொலியில் தோன்றித் தன்னை அரசின் தலைவனாக அறிவித்தான். அவன் துரோகம் மறைவில் நிகழவில்லை. நாடு முழுவதும் கேட்க நிகழ்ந்தது. அவன் கட்சியின் படைப்பிரிவுக்கு வைக்கிங் காலத்து மன்னரின் மெய்க்காப்பாளர் குழுவின் பெயரே சூட்டப்பட்டிருந்தது. வீரமரபின் உரிமை தனக்கே உரியதென்று பறைசாற்றியவன் அவன். போரின் முடிவில் அவன் திறந்த நீதிமன்றில் விசாரிக்கப்பட்டான். அவனுக்காக வாதிட வழக்கறிஞர் இருந்தார். 1945 ஒக்டோபரில் தண்டனை நிறைவேறிற்று. அத்தோடு அமையாது, பகைவரோடு ஒத்துழைத்த பல்லாயிரம் சாதாரண மனிதரின் செயல்களும் தனித்தனியே விசாரிக்கப்பட்டன. அத்தண்டனைகளைப் பற்றி இன்றும் விவாதம் உண்டு. ஆயினும், ஒருவன் தலையில் அனைத்தையும் ஏற்றிவிட்டு ஏனையோர் கைகழுவும் வழி அங்கே முற்றாகத் திறந்துவிடப்படவில்லை.

நம் இலக்கிய மரபிலும் இவ்வேறுபாடு உணரப்பட்டுள்ளது. வீடணன் செய்தது துரோகமா அறமா என்பது பட்டிமண்டபங்களில் ஓயாத வழக்கு. அவன் தமையனின் அவையிலே எழுந்து நின்று தன் கருத்தை வெளிப்படக் கூறி, மறுக்கப்பட்ட பின்னரே நீங்கினான். கும்பகருணனும் தமையனின் செயலைத் தவறென்றே கூறினான். ஆயினும் உடனிருந்து மடிந்தான். இருவரையும் எடைபோட முடிகிறது. ஏனெனில் இருவர் செயலும் காரணமும் கண்முன் உள்ளன. காக்கை வன்னியனை எவரும் பட்டிமண்டபத்தில் ஏற்றுவதில்லை. அவனுக்காக வாதிட ஒரு சொல்லும் கதையில் வைக்கப்படவில்லை. வாதிட இடமில்லாத ஒருவனைப் பற்றிய தீர்ப்பு, தீர்ப்பு என்ற பெயருக்கே உரியதன்று.

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நின்றுவிடுவதாயின் இதற்குப் பெரும் பயனில்லை. ஆசனம் ஒன்று நிலையாக இருக்கும் சமூகத்தில், அவ்வாசனத்தில் உயிருள்ள மனிதர் அமர்த்தப்படுவர். ஈழத்தமிழரின் அண்மைக்கால வரலாறு இதற்குச் சான்று. காக்கை வன்னியன், எட்டப்பன் என்னும் பெயர்கள் அரசியல் மேடைகளிலே எதிர்க்கருத்தினரைச் சுட்ட வழங்கின. யாழ்ப்பாண மாநகர முதல்வர் அல்பிரெட் துரையப்பா 1975 யூலை 27இல் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர்மீது சுமத்தப்பட்ட பெயர் துரோகி என்பதே. எந்த மன்றிலும் அவர் வாதம் கேட்கப்படவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவர் ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21இல் கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பினரின் வன்முறைகளையும் ஒருங்கே பதிவு செய்த 'முறிந்த பனை' நூலாசிரியருள் அவரும் ஒருவர். சான்று தேடியவரே சான்றின்றித் தண்டிக்கப்பட்டார்.

மறைந்த பகைவனைத் தேடும் நாட்டம் வெளியே தொடங்கி உள்ளே முடிவதும் இயல்பு. விடுதலைப் புலிகள் இயக்கத்தின் பிரதித் தலைவராக இருந்தவரும், முன்னர் வன்னிக்குப் பொறுப்பாக இருந்தவருமான மாத்தையா, இந்திய உளவுத்துறையோடு சேர்ந்து சதி செய்தார் என்ற குற்றச்சாட்டில் 1993இல் கைதாகி 1994இல் கொல்லப்பட்டார். கற்பனை விளையாட்டில் மன்னனே சங்கத் தலைவனாக வெளிப்பட்டது திடுக்கிடும் திருப்பமாக அமைந்தது. நிகழ்வாழ்விலோ அத்தகைய வெளிப்பாட்டின் பின் எவரை நம்புவது என்ற வினாவுக்கு எல்லையே இல்லாமற்போகும். மறைந்த பகைவன் கொள்கையை எச்சான்றாலும் பொய்ப்பிக்க இயலாது. சான்று கிடைப்பின் குற்றம் உறுதி. கிடையாவிடின் அவன் தேர்ந்த வஞ்சகன் என்பது உறுதி.

தனிமனிதரோடும் அது நிற்பதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் அனைவரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வெளியேறியோர் தொகை 70,000 இற்கு மேற்பட்டது. முல்லைத்தீவு மாவட்டத்தில் முள்ளியவளையை அடுத்த தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி ஆகிய ஊர்களின் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். அயலவரோடு தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தோர் ஒரே இரவில் ஐயத்துக்குரியோர் ஆயினர். ஒருவன் அமர்வதற்கு வைக்கப்பட்ட ஆசனத்தில் ஒரு சமூகமே அமர்த்தப்பட்டது. அதே காலத்தில், மறுபக்கத்தில், அரசின் நோக்கிலே தமிழ் இளைஞர் ஒவ்வொருவரும் மறைந்து நிற்கும் பகைவர். 1979இல் கொண்டுவரப்பட்ட பயங்கரவாதத் தடைச் சட்டம், பொலிஸ் உயரதிகாரியிடம் அளித்த வாக்குமூலத்தைச் சான்றாக ஏற்க வழி செய்தது. வன்னியின் சோதனைச் சாவடிகளில் முகம் மறைத்த தலையாட்டியின் ஓர் அசைவில் ஓர் இளைஞனின் வாழ்வு தீர்மானிக்கப்பட்டது. தலையாட்டியைத் தமிழர் துரோகி என்றனர். தலையசைவில் சிக்கியவனை அரசு பயங்கரவாதி என்றது. இரு பெயர்களுக்கும் ஆதாரமான தருக்கம் ஒன்றே.

2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலிலே போர் முடிவுற்ற பின்னர், தோல்விக்குக் காரணம் கூறும் பழைய வழக்கம் மீண்டும் தலைதூக்கிற்று. 2004இல் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தமை பலருக்குப் போதிய விடையாக அமைந்தது. அப்பிரிவு போரின் போக்கை மாற்றிய காரணங்களுள் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயின், காரணங்களுள் ஒன்றைக் காரணம் என்றே கொள்ளும்போது, கிழக்கு மக்களின் மனக்குறைகள், பலவந்த ஆட்சேர்ப்பு, உலக நாடுகளின் நிலைப்பாடு, மக்கள் செறிந்த நிலப்பரப்பின்மீது குண்டு பொழிந்த அரசின் பொறுப்பு, மக்களை வெளியேறவிடாது தடுத்தோரின் பொறுப்பு ஆகிய யாவும் ஒரு பெயரின் நிழலில் மறைகின்றன. மாண்டோர் பல்லாயிரவர். அவர்களுக்குரிய நீதி ஒரு வஞ்சகனின் பெயரைக் கூறுவதால் நிறைவேறாது. ஒவ்வொரு செயலும் அதனைச் செய்தவர் பெயரோடு எடுத்துரைக்கப்படும்போதே அது தொடங்கும்.

திருவள்ளுவர் 'கூடாநட்பு', 'உட்பகை' என்னும் அதிகாரங்களைப் பொருட்பாலில் அமைத்தார். அவரும் மறைந்து நிற்கும் பகையின் கொடுமையை அறிந்தவரே. ஆயின், உட்பகையை அவர் பெரிதும் உறவினரிடையே, ஒரே குடியினுள்ளே தோன்றுவதாகக் காட்டுவது நோக்கற்பாலது. பொருந்தியிருப்பது போலத் தோன்றி உள்ளே பொருந்தாதிருக்கும் குடி அவர் கவலை. அங்கே இரகசியச் சங்கமும் இல்லை. மாயச் சூழ்ச்சியும் இல்லை. உறவு பழுதுற்ற இடத்தில் பகை விளைகிறது. எனவே உட்பகைக்கு மருந்து, பகைவனைத் தேடிப் பிடிப்பதோடு முடியாது. உறவு பழுதுற்றது எங்கே என்று ஆராய்வதும் வேண்டும். வன்னியின் பற்றுகள் பிரிந்து நின்றபோது ஒவ்வொரு தலைவனும் மற்றவனுக்குக் காக்கை வன்னியனாகவே தோன்றியிருப்பான்.

ஆகவே, காக்கை வன்னியன் கதையை மறந்துவிட வேண்டும் என்பதில்லை. மரபுக் கதைகளை அழித்தால் உண்மை பிறந்துவிடாது. நாடகம் தொடர்ந்து நடிக்கப்படலாம். அதனைக் காண்போர் திரை விழுந்தபின் கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் மூன்று உள. இக்குற்றத்துக்குச் சான்று யாது? குற்றம் சாட்டப்பட்டவன் தன் வாதத்தைக் கூற இடம் பெற்றானா? அவன் ஒருவன் இல்லாதிருந்தால் தோல்வி நேர்ந்திராதா? முதலிரண்டும் அவனுக்கு உரிய நீதி. மூன்றாவது, கேட்போர் தமக்குத் தாமே செய்துகொள்ள வேண்டிய நீதி. கற்சிலைமடுக் கல்லில் வஞ்சகனின் பெயருக்கு இடமில்லை. அங்கே விடப்பட்ட வெற்றிடத்தில் ஒரு பெயரை எழுதுவது எளிது. பிரிவும், தனிமையும், தளர்ந்த துணையும், பலரின் மௌனமும் அவ்விடத்துக்கு உரியவை என்று ஏற்பதற்கே துணிவு வேண்டும். தோற்ற மக்கள் தம் தோல்வியிலிருந்து கற்கக்கூடியதும் அத்துணிவு ஒன்றினாலேயே.